தோவாவுக்கு ஆகாத நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

மூட்டை கட்டியாகிவிட்டது. சட்டைத் தொழிற்சாலையில் லீவு கேட்டுக் கேட்டு என் நாக்கே தேய்ந்துபோனது. கடைசியில் மேற்பார்வையாளர் எட்டு நாள் கொடுத்தார். கொடுக்கும்போது தன் சொத்தில் பாதியை எனக்கு எழுதி வைக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

நான், தோவா, லோக். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மலைக்குப் போகலாம் போகலாம் என்று ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, தோவாவுக்கு நிச்சயம் பேசி முடித்த பிறகுதான் கிளம்புகிறோம். வியாழன் காலை எங்கள் ஊர் நாம் தின்னிலிருந்து பஸ். பைக் இரண்டையும் பஸ்ஸின் அடியில் ஏற்றிவிடுவது. ஹா ஸாங்கில் இறங்கி மலைமேல் ஓட்டுவது. தோங் வான், மேவ் வாக் பார்த்துவிட்டுப் பதினோராம் தேதி மாலை பஸ் பிடித்தால், பன்னிரண்டு காலை வீடு. கணக்கு சரியாக இருக்கிறது. நான்தான் போட்டேன்.

மாலையில் தோவாவின் அம்மா மன் பெரியம்மாவின் கடைக்குப் போனேன். செத்தவர்களுக்கு எரிக்கிற காகிதச் சட்டை, காகித வீடு, காகிதப் பணம் விற்கிற கடை. இப்போதெல்லாம் காகித ஐபோன்கூட வைத்திருக்கிறாள். மன் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை பதினாறாம் தேதி காலைல ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை துவான் வீட்லேர்ந்து வெத்தலைபாக்கு எடுத்துக்கிட்டு வர்றாங்க. ஏழு தட்டு. இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் இவளுக்குக் கல்யாணத்துக்கு ஆகாத வயசு, தெரியும்ல? அப்புறம் ரெண்டு வருஷம் காத்திருக்கணும். உன்னை நம்பித்தான்டி அனுப்பறேன். புதன்கிழமை இவ என் கண்ணு முன்னாடி இருக்கணும்."

"இருப்பா பெரியம்மா. நான் பொறுப்பு."

தோவா பின்னால் காகிதச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாயே திறக்கவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

தோவா போன் செய்தாள். நாளைக்குக் கிளம்பக் கூடாதாம். நிலாக் கணக்கில் நாளை ஏழாம் நாளாம். ஏழாம் நாள் வீட்டை விட்டுப் புறப்பட்டால் விளங்காதாம்.

"பஸ் டிக்கெட் எடுத்தாச்சுடி!"

"மலைப்பாதை, மியென். ஏதாச்சும் ஆச்சுன்னா நீயா வந்து எங்க அம்மாவுக்குப் பதில் சொல்லுவ?"

நாளைய லீவு போச்சு. எட்டில் ஒன்று. வீட்டில் உட்கார்ந்து துணி துவைக்கத்தான் அதை வாங்கினேனா?

மார்ச் 7, வெள்ளி

ஒருவழியாகக் கிளம்பினோம். லோக் பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். தெருவில் மைக் பிடித்துப் பாடுவார்களே, அந்தச் சக்கரம் வைத்த பெட்டி. "எதுக்குடா இது?" என்றால், "மலைல எதிரொலி நல்லா வரும்" என்கிறான். மாற்று ஜட்டி கொண்டு வந்தானா என்று கேட்டேன். இல்லையாம், இடமில்லையாம்.

ஹா ஸாங் வந்து சேர்ந்தோம். சாலையோரத்தில் கிழங்குக் கஞ்சி. நன்றாக இருந்தது, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மார்ச் 8, சனி

நாள் முழுக்கத் தூறல். ஜீன்ஸ் இடுப்புவரை நனைந்து கல்லாகக் கனக்கிறது. பெண்கள் தினம் என்று லோக் பெட்ரோல் பங்கு வாசலில் ஆளுக்கொரு ரோஜா வாங்கிக் கொடுத்தான். அடுத்த மேட்டில் என்னுடையதன் தலை கழன்று விழுந்துவிட்டது.

துவான் ஐந்து முறை போன் செய்தான். தோவா ஒருமுறையும் எடுக்கவில்லை. "மழை, கேக்காது" என்றாள். நின்று சாப்பிடும்போதும் எடுக்கவில்லை. என்ன திமிர்! அவனுக்குக் குளியலறை ஓடு விற்கிற கடை, சொந்தக் கடை. குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், நாயிடம்கூட மரியாதையாகப் பேசுகிறவன். எனக்கு அப்படி ஒருத்தன் போன் செய்தால் கொட்டுகிற மழையில் நின்றுகொண்டே பேசுவேன்.

தோங் வான் வந்தபோது இருட்டிவிட்டது.  லோக்கின் பெட்டி மட்டும் நனையவில்லை; என் மழைக்கோட்டு அதன்மேல்தான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

சந்தை நாள். ஒன்பதுக்குச் சந்தையை விட்டு, பத்துக்குக் கிளம்பி, மதியம் மேவ் வாக். இது என் கணக்கு.

நடந்தது: தோவா எலும்பு ரசத்தில் முக்கிச் சாப்பிடும் அரிசிச் சுருளை மூன்று தட்டு தின்றாள். பிறகு ஒரு ஹ்மோங் மலைக்குடி ஆளிடம் போய்ப் பன்றிக்குட்டிக்கு விலை பேசினாள். நாற்பது நிமிடம்! குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். பக்கத்துப் பெண்ணிடம் கருத்துக் கேட்டாள். அவன் பாவம், விலையைக் குறைத்துக் குறைத்து அழும் நிலைக்கு வந்துவிட்டான். கடைசியில், "யோசிச்சுச் சொல்றேன் அண்ணே" என்று எழுந்து வந்தாள்.

"பன்னியை எதுலடி ஏத்திக்கிட்டுப் போவ? என் மடியிலயா?"

"சும்மா விசாரிச்சேன்."

அதற்குள் லோக்கை யாரோ சோளச் சாராயத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அவன் எழுந்தபோது நிற்கவே முடியவில்லை, எங்கிருந்து ஓட்டுவான்? இன்றும் தோங் வானிலேயே தங்கல்.  இவர்களோடு வந்ததற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

நாடே வந்து படம் எடுக்கிற கணவாயைக் கடந்தோம். நான் பார்த்தது: மூடுபனி, லோக்கின் பின்விளக்கு.

மார்ச் 11, செவ்வாய். மேவ் வாக்

மாலை ஐந்துக்குப் பஸ். நாலரைக்குத் தோவாவுக்குக் காய்ச்சல்.

விடுதிக்கார அக்கா இஞ்சியை நசுக்கிக் கொண்டுவந்து முதுகில் தேய்த்துவிட்டார். தோவா கண்ணை மூடிக்கொண்டு முனகினாள். தொட்டுப் பார்த்தேன், நெற்றி சுட்டது. அப்புறம் என்ன பேசுவது? பஸ் போய்விட்டது.

மன் பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் கிளம்பிடுவோம் பெரியம்மா. லேசான ஜுரம்தான்." அந்தப் பக்கத்திலிருந்து இருமல், பிறகு, "ஞாயித்துக்கிழமைக்கு நடுவுல நாலு நாள்தான் இருக்கு மியென்" என்று மட்டும் சொன்னாள். 

மார்ச் 12, புதன்

இன்று காலை தோவாவைப் பெரியம்மா கண் முன்னால் நிற்க வைக்கிறேன் என்று சொன்ன நாள். மேவ் வாக்கில் இருக்கிறோம்.

மதியம் அறைக்குள் திடீரென்று நுழைந்தேன். தோவா சுடச்சுட டீ கிளாஸை நெற்றியில் ஒட்டவைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"தலைவலி," என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். லோக்கிடம் சொன்னால், "டீ வச்சா தலைவலி போகுமா?" என்று கேட்கிறான். இவனோடு என்ன பேசுவது. திரும்பப் போய், நாளைக்குக் காலையில் நீ செத்தாலும் உன் பிணத்தைப் பைக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போவேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

மார்ச் 13, வியாழன்

 ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை.

காலை ஏழு மணிக்கு நான் பையோடு நின்றேன். தோவா பல்லே விளக்கவில்லை. "இன்னிக்குப் பதினாலாம் நாள் மியென். நிலாக் கணக்குல. அஞ்சு, பதினாலு, இருபத்திமூணு, மூணும் பயணத்துக்கு ஆகாத நாள். நாளைக்குப் பௌர்ணமி, நாளைக்கும் வேண்டாம். சனிக்கிழமை பாப்போம்."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து வந்ததோ. தெருவுக்கு வந்து மன் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். "உங்க பொண்ணுக்கு ஜுரமும் இல்ல மண்ணும் இல்ல பெரியம்மா. நடிக்கிறா. மேவ் வாக்ல சந்தைக்குப் பின்னாடி பச்சைக் கேட் விடுதி. என்னால ஆகாது. வேணும்னா நீங்களே வந்து இழுத்துக்கிட்டுப் போங்க!"  அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்ட சத்தம்.

அறைக்குத் திரும்பிப் போய் மிச்சத்தையும் கொட்டினேன். ஏன்டி, மாசம் பிறந்த முதல் நாள் கணவாய் மீன் தின்னா வருஷம் முழுக்கத் துரதிர்ஷ்டம்னு உங்க அம்மா சொல்லும்போது, கடைக்குப் பின்னாடி நின்னு வறுத்துத் தின்னவ நீதானே? முதல் தேதி முடி வெட்டக் கூடாதுன்னப்ப வேணும்னே போய் வெட்டிக்கிட்டவ நீதானே? இப்ப மட்டும் எங்கேர்ந்துடி வந்துச்சு ஏழும் பதினாலும்?

கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன்.

"பதினாறாம் தேதி தாண்டணும்," என்றாள் தோவா. சாதாரணமாகச் சொன்னாள். "தாண்டிட்டா வேற நாள் பாப்பாங்க. அந்த நாளுக்கும் ஒரு குறை கண்டுபிடிப்பேன். காகிதக் கடைல பொறந்தவ நான், எனக்குத் தெரியாத குறையா? அப்படியே வருஷத்தை ஓட்டிட்டா அடுத்த வருஷம் ஆகாத வயசு. ரெண்டு வருஷம் யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க."

"துவான் என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. நல்லவன். எனக்கு அவன் வேண்டாம், அவ்வளவுதான். அவன் வீட்டுக்குள்ள போய் நான் உக்காந்திருக்கிற மாதிரி நினைச்சுப் பாத்தா மூச்சு முட்டுது."

"இதை உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? ஒரு 'வேண்டாம்' சொல்றதுக்குப் பதிலா ரெண்டு வருஷம் ஜுரமாடி?"

"சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். அம்மா அப்பாகிட்ட கேட்டுட்டா."

அப்பா செத்து ஆறு வருடம் ஆகிறது. படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி, தட்டில் இரண்டு காசைப் போட்டுக் கேட்டிருக்கிறாள் பெரியம்மா. ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் ஆமாம். இரண்டும் ஒரே பக்கமாக விழுந்தால் இல்லை. எங்கள் வீட்டிலும் கேட்போம், எல்லார் வீட்டிலும் கேட்பார்கள்.

"ஒண்ணு பூ ஒண்ணு தலை விழுந்துச்சாம். அப்பாவே சம்மதிச்சுட்டாருன்னு சொன்னா. உயிரோட இருக்கிற அம்மாகூட சண்டை போடலாம் மியென். செத்துப்போன அப்பாகூட எப்படிப் போடறது?" அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அவர் ஒரு தடவையாச்சும் என்கிட்ட கேட்டிருப்பாருன்னு நினைச்சேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். என்ன சொல்வது? எப்படிச் சொல்வது? சொன்னேன்.

"உங்க அம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். இப்பத்தான். இடத்தையும் சொல்லிட்டேன்."

அவள் திட்டியிருக்கலாம். "நீயா?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

பெரியம்மாவை மறுபடி கூப்பிட்டேன். பதினோரு முறை. எடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி. பௌர்ணமி

ஏழு மணிக்குப் பச்சைக் கேட்டைத் தட்டும் சத்தம். மன் பெரியம்மா. கையில் கடைக்குக் கொண்டுபோகிற பிளாஸ்டிக் கூடை, காலில் வீட்டுச் செருப்பு. மலை வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளுத்திருந்தது.

பௌர்ணமியன்று கடையை மூடிவிட்டு வந்திருக்கிறாள். மாதத்திலேயே அதிகம் விற்கிற நாள். புருஷன் செத்த மாதத்தில்கூடப் பௌர்ணமிக்குத் திறந்தவள். அதைவிட, நேற்று பஸ் ஏறியிருக்கிறாள். பதினாலாம் நாள். தோவா நடித்தாள், இவள் நிஜமாகவே நம்புகிறவள்! எனக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உனக்கு ஒரே ஒரு வேலை குடுத்தேன்," என்றாள் என்னிடம். அவ்வளவுதான், என்னோடு பேச்சு முடிந்தது.

உள்ளே போய்த் தோவாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். பௌர்ணமி விரதம், மாமிசம் ஆகாது. விடுதிக்கார அக்கா சோயாக்கட்டி வறுத்துக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் நான்கு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். யாரும் தொடவில்லை. லோக் மட்டும் ஒன்றை எடுத்தான், நான் மேஜைக்கடியில் உதைத்தேன்.

"துவான் குடிக்கிறானா?" என்று பெரியம்மா கேட்டாள்.

"இல்ல."

"வேற யாராச்சும் இருக்காளா அவனுக்கு?"

"இல்லம்மா."

"உனக்கு யாராச்சும்?" கண் லோக் பக்கம் போனது. லோக்குக்குப் புரையேறிவிட்டது.

"ஐயோ, இவனா! இல்லம்மா. எனக்கு வேண்டாம். துவான் வேண்டாம். எனக்கு இப்ப யாரும் வேண்டாம்."

"இதை வீட்லயே சொல்றதுக்கு என்னடி? மலை ஏறி வந்துதான் சொல்லணுமா?"

"சொன்னேனே! நீதான் அப்பாகிட்ட கேட்டேன், அப்பா சரின்னுட்டாருன்னு சொன்ன. அதுக்கப்புறம் நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?"

பெரியம்மா சோயாக்கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதிக்கார அக்கா சமையலறைக்குப் போய்விட்டார். 

"எட்டு தடவை போட்டேன்," என்றாள்.

"என்னது?"

"மூணு தடவைக்கு மேல கேக்கக் கூடாது. மூணு தடவையும் ரெண்டும் தலையாத்தான் விழுந்துச்சு. ஊதுபத்தி ஈரம்னு நினைச்சு வேற ஏத்தினேன். அப்பவும் விழல. காசை மாத்தினேன். எட்டாவது தடவைதான் விழுந்துச்சு." குரல் இறங்கிவிட்டது. "உங்க அப்பா ஏழு தடவை வேணாம்னாரு. நான்தான் விடல. எனக்கப்புறம் நீ தனியா நிப்பியேன்னு பயமா இருந்துச்சுடி."

லோக் சிரித்துவிட்டான். சத்தியமாக, சத்தமாகச் சிரித்துவிட்டான். அவனை நான் கொன்றிருப்பேன். அதற்குள் தோவா மேஜையைச் சுற்றி வந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பெரியம்மா அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

மாலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. தொழிற்சாலைக்குப் போன் செய்து, இன்று வேலைக்கு வரமுடியாது என்றேன். மேற்பார்வையாளர் பேசியதை எழுதினால் இந்த நோட்டே கருகிவிடும்.

மார்ச் 15, சனி. நாம் தின்

குளித்துவிட்டுப் படுக்கலாம் என்று போனால், வாசலில் மன் பெரியம்மா. நல்ல சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"கிளம்பு."

"எங்க பெரியம்மா?"

"துவான் வீட்டுக்கு. நீதானே பொறுப்புன்ன? வா."

போனேன். அங்கே முன்னறையில் ஏழு சிவப்புத் தட்டுகளும் வரிசையாக இருந்தன. பாக்குக் குலைக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டியாகிவிட்டது. கல்யாணம் இல்லை என்று பெரியம்மா நின்றுகொண்டே சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள். துவானின் அம்மா எங்களுக்காக எடுத்துவைத்த டீ கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். பெரியம்மா ஒன்றுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். சந்தையில் ஒருத்தர் குரல் உயர்த்தினால் பத்தாகத் திருப்பிக் கொடுக்கிறவள்.

துவான் கேட்வரை வந்தான். "தோவாவுக்கு ஜுரம்னு சொன்னீங்களே, இப்ப பரவால்லயா?" என்று கேட்டான்.

நானும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "பரவால்ல," என்றேன். அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.  தோவாமேல் மறுபடி கோபம் வந்தது. என்மேலும்.

மார்ச் 16, ஞாயிறு

காலை ஒன்பது மணி. தட்டுகள் வந்திருக்க வேண்டிய நேரத்தில் நான் தோவா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்புவதற்காக அடுக்கிக்கொண்டிருந்தேன். நாற்பது. லோக் நான்கு தூக்கிவிட்டு இடுப்பு வலிக்கிறது என்று போய்விட்டான்.

பெரியம்மா அப்பா படம் வைத்த மேடையில் பூ மாற்றி, ஊதுபத்தி ஏற்றினாள். தோவாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தாள். "சொல்லு" என்றாள்.

தோவா அப்பாவின் படத்தைப் பார்த்தாள். "அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்," என்றாள். வாய்விட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி. பிறகு மூன்று முறை கும்பிட்டாள்.

முடிந்தது என்று நினைத்தேன். பெரியம்மா மேடையிலிருந்து அந்த இரண்டு காசையும் எடுத்தாள்.

"அம்மா, போதும்மா," என்றாள் தோவா.

"உன்னைப் பத்தி இல்லடி. எனக்கு ஒண்ணு கேக்கணும்." காசை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நெற்றிக்கு உயர்த்தினாள். "என்னங்க, நான் பண்ணினது தப்பா?"

தட்டில் போட்டாள். ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கூட நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டேன். விழுந்தது. ஒன்று பூ, ஒன்று தலை. முதல் தடவையே.

பெரியம்மா தட்டையே பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள்.

"உயிரோட இருக்கும்போதும் இதுக்கு மட்டும்தான் உடனே ஆமாம்னு சொல்லுவாரு," என்றாள் எரிச்சலாக.

தோவா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள். பெரியம்மா காசு இரண்டையும் முந்தியால் துடைக்கிற மாதிரி சட்டை நுனியில் துடைத்து, கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தாள். என் பக்கம் திரும்பி, மூன்று நாளில் முதல்முறையாக என் பெயரைச் சொன்னாள்.

"மியென், சமைச்சு வச்சதெல்லாம் அப்படியே இருக்கு. உக்காரு, சாப்பிடு."